சீமைக் கருவேல்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை எட்டையபுரத்தைக் கடந்து விளாத்திகுளத்தை அடைகின்றது. வழியெங்கும் கரிசல் நிலம். மழை பெய்த நாளில் நடப்பவன் காலை விடாது பற்றிக்கொள்வதும், கோடையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதும் இம்மண்ணின் இயல்பு. ஆற்றுப்பாசனம் இங்கு அரிது. வைப்பாறு ஊரை அடுத்தே ஓடுகின்றதாயினும், ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலாறாகவே காட்சி தரும். ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விதைப்பர். அம்மழை பொய்த்தால் இட்ட விதையும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

இத்தகைய நிலத்தில், வானம் பெய்தாலும் பெய்யாதொழிந்தாலும் வாடாமல் பச்சைப் பசேலென நிற்கும் மரம் ஒன்று உண்டு. கண்மாயின் உள்வாயிலும் கரையிலும், ஓடைகளின் இருமருங்கிலும், உழுவாரின்றிக் கிடக்கும் புன்செய்களிலும், இடிந்த வீடுகளின் சுவர்களுக்கிடையிலுங்கூட அதனைக் காணலாம். அதுவே சீமைக் கருவேல். பனிக்காலம் நீங்கும் தறுவாயில், மாசி பங்குனித் திங்கள்களில், அது பூக்கத் தொடங்கும். விரல் நீளத்தில் மெல்லிய கதிர்களாகப் பூங்கொத்துக்கள் தொங்கும். ஒவ்வொரு கதிரிலும் எண்ணற்ற சிறு பூக்கள் நெருங்கியிருக்கும்; நிறம் பசுமை கலந்த இளமஞ்சள். வேறு பூ மிகுதியாகக் கிட்டாத அப்பருவத்தில் தேனீக்கள் இக்கதிர்களை மொய்த்துக் கொண்டிருக்கும். இளவேனிற் காலத்தில் காய்கள் மஞ்சளாக முற்றி உதிரும். ஆவணி புரட்டாசியில் மறுமுறையும் பூக்கும். தாவர நூலார் இதற்கு இட்ட பெயரில் வரும் ‘ஜூலிஃப்ளோரா’ என்னும் இலத்தீன் சொல், கதிர் போன்ற பூவினை உடையது என்றே பொருள்படும். புரொசோபிஸ் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த பேரினப் பெயர். 2022-ஆம் ஆண்டில் ஆய்வாளர் அப்பேரினத்தைப் பலவாகப் பகுத்து, இம்மரத்தை நெல்டுமா என்னும் பேரினத்தில் வைத்தனர்.

நம் மக்கள் இட்ட பெயர்களோ வேறு. கடல் கடந்து வந்த பொருள்களுக்கெல்லாம் ‘சீமை’ என்னும் அடைமொழி கொடுப்பது தமிழர் வழக்கம். சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு என்பன போலவே இதுவும் சீமைக் கருவேலாயிற்று. மற்றொரு பெயர் வேலிக்காத்தான் என்பது. புன்செயைச் சுற்றி நட்டால் ஆடுமாடு உள்ளே நுழையாது என்று கருதிய உழவன் மகிழ்ந்து சூட்டிய பெயர் அது. வேலி பயிரை மேய்ந்த கதையைச் சொல்வார்கள்; ஈண்டு வேலி நிலத்தையே விழுங்கிவிட்டது.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றனர். அவற்றுள் மரமும் ஒன்று. இன்ன நிலத்துக்கு இன்ன மரம் என்னும் அவ்வொழுங்கில் சீமைக் கருவேலுக்கு இடமில்லை. ஆனால் அதன் உறவினன் ஒருவன் நம்மிடையே பன்னெடுங்காலமாக உளன். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியே அவ்வுறவினன். இரண்டும் நெருங்கிய குடும்பத்தன. இலையும் பூங்கதிரும் ஒத்தவை. வன்னி மெல்ல வளரும். தன் நிழலில் பயிர் விளைய இடங்கொடுக்கும். சீமைக் கருவேல் விரைந்து வளரும். தன் நிழலில் பிறிதொன்றையும் விடாது. பெயரிலுள்ள கருவேலும், குடை பிடித்தாற்போல் நிற்கும் உடையும் நம் நாட்டு மரங்களே. அவையும் முள் மரங்கள். ஆயினும் ஊரை வளைத்துக்கொண்டவை அல்ல.

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோவும், நடு அமெரிக்காவும், தென்னமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டிக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டிக் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. வறண்ட மாவட்டங்களில் விறகுப் பஞ்சம் தலைகாட்டியது. அப்பொழுது சென்னை மாகாணக் காடுகளின் காப்பாளராக இருந்த பெடோம் என்னும் ஆங்கிலேயர், 1876-ஆம் ஆண்டில் இம்மரத்தின் விதைகளைத் தருவிக்குமாறு அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டில் கடப்பைப் பகுதியில் அவை விதைக்கப்பட்டன. தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது என்பதனை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். மழையில்லா நிலத்திலும் வளரும் மரம் ஒன்று கிடைத்தால், அதனை வேண்டாம் என்று சொல்ல அக்காலத்தில் எவருக்கு மனம் வரும்?

விமானத்திலிருந்து விதை தூவியதனால் இம்மரம் நம் நாட்டுக்கு வந்தது என்று ஊர்ப்புறங்களில் பேசுவர். விமானம் பிறக்கும் முன்னரே விதை வந்துவிட்டது என்பதே வரலாறு. வடக்கே சோதபுரி அரசு 1940-ஆம் ஆண்டில் இதனை அரசுக்குரிய மரமெனச் சிறப்பித்துப் பேணியது. கூர்ச்சரத்தில், கட்சுப் பகுதியின் உப்பு நிலம் பரவுவதனைத் தடுக்கும் பொருட்டு, பன்னி என்னும் பெரும்புல்வெளியில் 1960-களில் இதனைப் பல்லாயிரம் எக்டேர் அளவில் நட்டனர். இன்று அப்புல்வெளியின் பெரும்பகுதியை இம்மரமே மூடியிருக்கின்றது. அங்குள்ள கால்நடை வளர்ப்போர் இதனைப் ‘பைத்தியக் கருவேல்’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

இவ்வளவு விரைந்து பரவும் ஆற்றல் இதற்கு எங்ஙனம் வந்தது? முதற்கண் வேர். இதன் இனத்தைச் சார்ந்த மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனா நாட்டுச் சுரங்கம் ஒன்றில், மண்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கும் கீழே காணப்பட்டதாக 1963-ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஒருவர் எழுதியுள்ளார். மேல்மண் காய்ந்த பின்னரும் ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்லும் வேர் இது. அவ்வேரிலுள்ள முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டுகின்றன. ஆதலால் வளமற்ற மண்ணும் இதற்குத் தடையன்று. உவர்நிலத்தையும் இது பொறுக்கும். வெட்டினாலோ, அடித்தூரில் உறங்கிக் கிடக்கும் அரும்புகள் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டுகள் எழும்.

இவற்றினும் வியப்பு, ஆட்டுக்கும் இம்மரத்துக்கும் உள்ள தொடர்பு. இதன் தழையை ஆடு விரும்பித் தின்பதில்லை. காயையோ தேடித் தேடித் தின்னும். காயின் சதை இனிப்பு. அதனுள்ளிருக்கும் விதை கடிய உறையினால் மூடப்பட்டது. சதை செரித்துவிடும், விதைகளிற் பல கெடாமல் புழுக்கையோடு வெளிவரும். வயிற்றில் ஊறிய விதை முளைப்பதற்கும் எளிதாகின்றது. கரிசற் சீமையில் புன்செய்க்கு எருவிடப் பழைய முறை ஒன்று உண்டு. கோடையில் ஆட்டு மந்தையை இரவுதோறும் நிலத்தில் அடைத்துக் கிடை போடுவர். புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். அக்கிடையே இன்று சீமைக் கருவேலுக்கு விதைப்பாகவும் அமைந்துவிட்டது. நிலத்தை ஆண்டுதோறும் உழுகின்றவரையில் அதனால் தீங்கில்லை. முளைத்த கன்று கலப்பையில் அடிபட்டு மாயும். இரண்டு மூன்று ஆண்டுகள் உழாமல் விட்ட நிலத்திலேதான் அது வேரூன்றி, ஆள் நுழைய முடியாத புதராகின்றது.

உழாமல் விடுவது ஏன்? மழை பொய்ப்பது ஒரு காரணம். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமை மற்றொன்று. இளைஞர் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். முதியோர் சிலர் ஊரில் எஞ்சுகின்றனர். ஆதலின், ‘மரம் வந்து உழவை ஓட்டியது’ என்று சொல்வது முழு உண்மையன்று. உழவு விட்டுப்போன இடத்தில் மரம் வந்து குடியேறியது. குடியேறிய பின்னரோ, உழவன் திரும்பி வர விரும்பினாலும் அது வழிவிடுவதில்லை.

இனி, இதனாலாகும் பயனைக் கூறுவோம். விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல குடும்பங்களுக்குச் சோறிடுவது இம்மரத்தின் கரியே. கரிமூட்டம் போடுவது எளிய தொழிலன்று. வெட்டுவோர் ஒரு கையில் கவைக்கம்பும் மறு கையில் அரிவாளும் கொள்வர். முட்கிளையைக் கவையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்டுவர். கழித்த கட்டைகளைச் சில நாள் காயவைத்து, வட்டமாக நிறுத்தி அடுக்கி, கூம்பு வடிவமாக உயர்த்துவர். அதன்மேல் வைக்கோலையும் தழையையும் பரப்பி, ஈரமண்ணால் மெழுகி மூடுவர். தீ இடுவதற்கு ஒரு வாயும், புகை போவதற்குச் சிறு துளைகளும் விடுவர். உள்ளே நெருப்பு கொழுந்துவிட்டு எரியலாகாது. காற்றுக் குறைந்த நிலையில் கனன்று வேகவேண்டும். எங்கேனும் மண் வெடித்துக் காற்று உட்புகுந்தால் கட்டை முழுவதும் சாம்பலாகிவிடும். அதனால் இரவும் பகலும் ஒருவர் விழித்திருந்து, வெடிப்புக் கண்ட இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டிருப்பர். புகையின் நிறத்தைக் கொண்டே வேக்காட்டை அறிவர். தொடக்கத்தில் வெண்புகை அடர்ந்து வரும். ஈரம் போனபின் அது மெலிந்து நீலமாகும். மூட்டத்தின் அளவுக்கேற்பச் சில நாள் முதல் இரண்டு கிழமை வரையில் இவ்வாறு வேகும். பின்பு நீர் தெளித்து ஆற்றி, கரியைப் பிரித்தெடுத்துச் சாக்கில் அடைப்பர். நான்கு அல்லது ஐந்து பங்கு கட்டைக்கு ஒரு பங்கு கரி கிடைக்கும்.

இக்கரி சரக்குந்துகளில் ஏறி வடநாட்டு ஆலைகள் வரையிலும் செல்கின்றது. தூளாக உதிர்வது ஊதுவத்திக்கு உதவும். செங்கற் சூளைகளுக்கு இம்மரமே விறகு. இதனை எரித்து மின்சாரம் ஆக்கும் ஆலைகளும் தென்மாவட்டங்களில் நிறுவப்பட்டன. பயிர் விளையாத ஆண்டிலும் மரம் விளைகின்றது. ஆதலால் பஞ்ச காலத்தில் ஏழைக்கு இதுவே கைம்முதல். இதனை மறந்து பேசுவோர் இம்மண்ணை அறியாதவர் என்பேன். எனினும், இத்தொழிலில் உழைப்போர் நிலை செழிப்பானதன்று. புகை கண்ணையும் மார்பையும் வருத்துகின்றது. முன்பணம் வாங்கிக்கொண்டு, மூட்டத்தின் அருகிலேயே மனைவி மக்களோடு தங்கி, அக்கடன் தீரும் வரையில் வெட்டும் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளை அங்கே கரி பொறுக்கிக்கொண்டிருத்தல் கூடும்.

தீமைகள் யாவை? கண்மாய்க்குள் இம்மரம் அடர்ந்தால், நீர் வரும் கால் அடைபடுகின்றது. வண்டல் படிந்து நீர்ப்பிடிப்புக் குறைகின்றது. மரக்காடு தன் பங்கு நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றது. இதன் இலைச்சத்து மண்ணிற் கலந்து, பிற விதைகள் முளைப்பதனைத் தடுப்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். மேய்ச்சற் புல் மறைகின்றது. முள் வெறுங்காலிற் பாய்ந்தால் புண்ணாகி நாள்பட நிற்கும். கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியிலும் இம்மரம் புகுந்துவிட்டது. இனிய காயைத் தின்று, அவ்விதையைப் பரப்பும் வேலையை அம்மான்களே செய்வது இரங்கத்தக்கது.

இருக்கும் குற்றம் இத்துணையாக, இல்லாத குற்றமும் சிலர் சேர்த்துவிட்டனர். இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் மழை பெய்யாது என்றும், நச்சுக் காற்றையே வெளிவிடும் என்றும், இதன் அடியிற் கட்டிய மாடு மலடாகும் என்றும் துண்டுத்தாள்கள் வாயிலாகப் பரப்பினர். பசிய இலையுடைய எம்மரமும் பகலில் கரியமிலவாயுவை வாங்கிப் பிராணவாயுவை விடும், இதுவும் அவ்வாறே. பொய்யை ஆயுதமாகக் கொண்டு ஒரு களையை வெல்ல முயல்வது வேண்டாத வேலை.

இம்மரங்களை அகற்றக்கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நீதிமன்றம் தென்மாவட்டங்களில் அகற்றும் பணியை விரைவுபடுத்தக் கடுமையாக ஆணையிட்டது. ஊர்தோறும் இயந்திரங்கள் முழங்கின. அறிவியல் ஆய்வின்றி வெட்டலாகாது என மற்றொரு வழக்கு எழவே, அவ்வாண்டிலேயே சில காலம் பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, அயல்நாட்டிலிருந்து வந்து பரவும் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பது குறித்துக் கொள்கை ஒன்றனை வெளியிட்டது.

பிற நாட்டாரும் இவ்வாறு இடர்ப்பட்டுள்ளனர். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுப் பாரிங்கோ ஏரிப் பகுதியில், 1980-களில் விறகுக்கும் மண்காப்புக்குமாக இதனை நட்டனர். இருபது ஆண்டுகளில் மேய்ச்சல் நிலம் மறைந்தது. இனிப்புக் காயை ஓயாது தின்ற ஆடுகளுக்குப் பற்கள் சொத்தையாகி விழுந்தன. மக்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்து, பல்லிழந்த ஆடு ஒன்றனையும் நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டுசென்றனர். தென்னாப்பிரிக்க அரசோ, மரம் தரும் பயனையும் இழக்கலாகாது, பரவலையும் தடுக்கவேண்டும் என்று எண்ணியது. மரத்தைக் கொல்லும் பூச்சியை விடுத்து, விதையை மட்டும் தின்னும் வண்டினை 1987-ஆம் ஆண்டில் கொணர்ந்து விட்டது. எண்ணம் நன்றே; ஆயின் வண்டு காயைத் துளைக்கும் முன்னரே கால்நடைகள் அதனைத் தின்றுவிடுவதால் பயன் குறைந்தது.

‘கரிக்காக வெட்டிக்கொண்டே இருக்கின்றார்களே, மரம் ஏன் குறையவில்லை?’ என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வெட்டுதல் வேறு, களைதல் வேறு. நிலத்துக்கு உடையவன் மரத்தைக் குத்தகைக்கு விடுகின்றான். எடுத்தவன் தண்டை மட்டும் வெட்டிச் செல்கின்றான். தூர் மண்ணில் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் மீண்டும் வெட்டுக்கு வரும். இருவருக்கும் அதில் வருவாய் உண்டு. ஆதலால் தூரைத் தோண்டும் எண்ணம் இருவருக்கும் எழுவதில்லை. கரித்தொழில் இம்மரத்தை அழிக்கவில்லை. பயிர் செய்வது போலப் பேணியே வருகின்றது.

இம்மரத்தைக் குறைக்கக்கூடிய பயன்கள் இரண்டே. ஒன்று தூரைக் கொள்வது. மற்றொன்று காயைக் கொள்வது. தூரிலிருந்து எடுக்கும் கரி உறுதி மிக்கது. அதனைத் தூர்க்கரி என்பர். தண்டின் கரியைவிட அதற்கு விலை கூடுதல். பொக்லைன் இயந்திரத்துக்குத் தரும் வாடகையில் ஒரு பகுதியேனும் அவ்விலையினால் ஈடாகும். தூர் போன நிலத்தை வெறுமனே விட்டால், மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் விதைகள் அடுத்த மழையிலேயே முளைக்கும். உடனே உழுது கம்போ உளுந்தோ விதைக்கவேண்டும். கண்மாய்க் கரையாயின் பனையோ, வேம்போ, நம் நாட்டுக் கருவேலோ வைக்கவேண்டும். சில ஆண்டுகள் வரையில் கன்று கண்ட இடத்திலேயே பிடுங்குவதற்கு ஆள் வேண்டும். கரிமூட்டத்தில் இன்று உழைப்போரே அவ்வேலையை நன்கு அறிந்தவர்கள். அவர்களுக்கு அதற்குக் கூலி கொடுத்தால் அடுப்பும் எரியும், நிலமும் மீளும்.

காயைப் பற்றி நம்மூரில் நினைப்பார் இலர். ஆடு தின்னட்டும் என விட்டுவிடுகின்றோம். இளவேனிலில் உதிரும் காய்களைப் பொறுக்கி, வெயிலில் நன்கு உலர்த்தி, விதையோடு சேர்த்து மாவாக அரைத்துத் தவிட்டுடன் கலந்தால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது நல்ல தீவனம். வடநாட்டின் வறண்ட பகுதிகளிலும் கென்யாவிலும் இவ்வாறு செய்கின்றனர். பெரு நாட்டில் இதன் உடன்பிறப்பான மரத்தின் காயைக் காய்ச்சி, மக்கள் உண்ணும் பாகாகவே எடுக்கின்றனர். அரைபட்ட விதை முளைப்பதில்லை. ஒரு மூட்டை காய் திரிகையிலோ ஆலையிலோ விழுந்தால், கிடை போடும் நிலத்தில் விழவேண்டிய பல்லாயிரம் விதைகள் அங்கேயே மாவாகிவிடுகின்றன. உலர்த்தக் களமும் வெயிலும் விளாத்திகுளத்தில் வேண்டிய அளவு உண்டு. வேண்டுவது, உலர்ந்த காயின் பிசுக்கு ஒட்டாமல் அரைக்கும் ஆலை ஒன்றே.